முன்சீட்டு மகாராணி

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு ஏறும் ஜீப்புகளில் முன்சீட்டுக்கு எப்போதும் அடிபிடிதான். பின்னால் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து, தூக்குவாளி விலாவில் இடிக்க இடிக்கப் பூப்பாறை போய் இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். முன்சீட்டில் காற்று வரும், காலை நீட்டலாம். அதனால் வயசில் மூத்தவளுக்கு, மாசமாக இருக்கிறவளுக்கு, மேலுக்கு முடியாதவளுக்கு என்று ஸ்டாண்டில் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். தவசி ஓட்டிய ஜீப்பில் மட்டும் அந்த நியாயம் செல்லாது. அங்கே மழையானாலும் வெயிலானாலும் அவன் பெண்டாட்டி மகாராணிக்குத்தான் முன்சீட்டு. வாயும் வயிறுமாக ஒருத்தி வந்து நின்றால்கூட நகர்ந்து கொடுக்க மாட்டாள்.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். ஜீப்புப் பெண்கள் அதற்கு முன்னால் ஒரு சீட்டைச் சேர்த்து 'முன்சீட்டு மகாராணி' ஆக்கிவிட்டார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கண்டுகொள்ள மாட்டாள்.

உட்கார்ந்தாலும் சும்மா உட்கார்ந்தாளா என்றால் அதுவும் இல்லை. அடிவாரத்தில் முந்தல் தாண்டும்போது திறக்கிற வாய், உச்சியில் போடிமெட்டு செக்போஸ்ட்டு வந்தால்தான் மூடும். "இந்தாய்யா, எடப்பக்கம் ஆடு நிக்கிது, ஒடிச்சுப் போ." "லாரிக்காரன் எறங்குறான்யா, ஓரங்கட்டு." "அம்புட்டு வெரசா எங்கய்யா போற, வளைவு வந்துருச்சுல்ல?" "அந்தக் கல்லு ஒனக்குக் கண்ணுல படலையா? எல்லாத்தையும் நாந்தேன் சொல்லித் தொலைக்கணுமா?" இப்படியே மலை முழுக்க. பின்னாலிருந்து குருவம்மாள் குரல் கொடுப்பாள். அந்த ஜீப்பில் மூத்தவள் அவள்தான், ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்ப் போய் முட்டி தேய்ந்தவள். "ஏண்டி மகாராணி, அந்த மனுசன் காதுல ரத்தம் வந்துரப் போகுதுடி. ஒன்னைக் கட்டுன பாவத்துக்கு இன்னும் எம்புட்டுத்தான் அனுபவிப்பாரு?"

ஜீப்பே சிரிக்கும். தவசி பதில் பேசமாட்டான். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி லேசாகச் சிரித்துக்கொள்வான். தங்கமான மனுசன், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது என்று ஊர் அவனுக்குச் சான்று கொடுத்திருந்தது. பேசாத ஆம்பளை என்றால் நல்லவன், பேசுகிற பொம்பளை என்றால் அடங்காப்பிடாரி. இந்த ஊரின் தராசு அப்படி. ஊமை ஊரைக் கெடுக்கும் என்ற சொலவடையும் இதே ஊரில்தான் புழங்குகிறது, ஆனால் அது தவசியைப் பார்த்து யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை.

மகாராணி மலைவேலைக்காரியே இல்லை. கடைவீதியில் கலீபுல்லா பாயின் ஏலக்காய்க் குடோனில் காய் பிரிக்கிற வேலை பார்த்தவள். நிழலில் உட்கார்ந்து, பச்சைக்காய் தனி, வெளிறின காய் தனி, வெடித்தது தனி என்று முறத்தில் தள்ளிக்கொண்டிருக்கலாம். அட்டைக்கடி கிடையாது, மழை கிடையாது. அந்தக் குடோனில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை என்று சொன்னால் ஜீப்புப் பெண்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நிஜம். பக்கத்தில் உட்கார்ந்தவள் ஊர்க்கதை முழுக்கச் சொன்னாலும் 'உம்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அப்படிப்பட்டவள் ஒருநாள் திடீரென்று, நான் இனிமேல் மலைக்குப் போகிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது. தவசி ஜீப்பில் ரெண்டு இளவட்டப் பெண்கள் புதிதாக ஏற ஆரம்பித்திருந்த நேரம் அது. புருசன் மேல் சந்தேகம், அதான் காவலுக்குப் போகிறாள் என்றார்கள். மகாராணி மறுக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

நடந்தது வேறு. ஒருநாள் இறக்கத்தில் வரும்போது தவசி இடது ஓரத்தில் நின்ற வெள்ளாட்டை அடித்துவிட்டான். பட்டப்பகல், ஆடு ஓடிக்கூட வரவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டான், பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டான். மகாராணி விடாப்பிடியாக மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினாள். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி, நடுவில் இருப்பது மட்டும் கொஞ்ச காலம் நிற்கும், போனது திரும்பாது, இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டிச் சொன்னார். தவசி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். 

வீட்டுக்கு வந்ததும் மகாராணி அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுரலாம்யா. ஜீப்ப வித்துப்புட்டு ஒரு டீக்கடை வைப்போம். புள்ளையத் திருப்பூருல கட்டிக் குடுத்தாச்சு, நம்ம ரெண்டு பேருக்கு என்னத்தய்யா வேணும்?"

"டிரைவர்னு இருந்தவன டீ ஆத்தச் சொல்றியா?" என்றான். "குருடன்னு ஊருக்குள்ள ஒரு பய சொல்லிட்டா அன்னைக்கு நான் இருக்க மாட்டேன் பாத்துக்க. தோட்டத்துப் பூச்சி மருந்து எந்நேரமும் வண்டியிலதான் கெடக்கு."

அவன் தம்பி ஒருத்தன் அப்படித்தான் போனான். அதனால் அந்தச் சொல் அவளை எங்கே அடிக்கும் என்று தெரிந்தே சொன்னான். மறுநாள் அவளை முந்தலுக்குக் கூட்டிப்போனான். மலை ஏறுமுன் டிரைவர்கள் சூடம் கொளுத்துகிற கருப்பசாமி அங்கே உண்டு. எரிகிற சூடத்தைக் காட்டி, "யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு கையால அணை" என்றான். அணைத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. கையை ஊதிக்கொண்டே அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். "அப்ப ஒம்பக்கத்துல நான் உக்காருவேன். நான் நிறுத்துன்னா நிறுத்தணும், போன்னா போகணும்." அவன் சரி என்றான். அன்றைக்கே பாயிடம் போய் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். பேச்சே வராத அந்த வாய் அப்படித்தான் திறந்தது.

அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லிக்கொண்டதில்லை. ஒவ்வொரு காலையும் ஜீப்பு கிளம்புமுன் பின்னால் திரும்பி, நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற முகங்களை ஒரு தடவை பார்ப்பாள்.  பார்த்துவிட்டுத்தான் முன்னால் திரும்பி வாயைத் திறப்பாள். புலியூத்துப் பக்கம் மூடுபனியில் ஒரு பைக்குக்காரன் லைட்டுப் போடாமல் வந்தபோது, சொல்லி முடிக்க நேரமில்லாமல் அவளே ஸ்டீரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். பின்னால் இருந்தவர்களுக்குப் பைக் தெரியவில்லை, அவள் கை மட்டும் தெரிந்தது. "இப்ப ஸ்டேரிங்கையும் பிடுங்கிட்டாளா! இனி அந்தாளு வேட்டிதான் பாக்கி" என்று குருவம்மாள் சொல்ல, மெட்டு வரைக்கும் சிரித்தார்கள். மகாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வளைவைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ரெண்டு வருசம் அப்படியே போயிற்று.

கலீபுல்லா பாயின் மகள் ஹுஸ்னா பெங்களூரில் கம்ப்யூட்டர் கேம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். மூஞ்சியில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் வேறொரு உலகத்துக்குள்ளேயே போய் நிற்கிற மாதிரி இருக்குமே, அந்த வகை. அவளுடைய தாய்மாமாவுக்கும் இதே மாதிரி ஓரத்திலிருந்து கண் போயிருந்தது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினால் உலகம் எப்படி இருக்கும் என்பதை ஒரு கதையாகச் செய்து, ஆடுகிறவனே அந்தக் கதைக்குள் நடந்து பார்க்கும்படி பண்ண வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நல்ல ஆசைதான். கதையில் செல்லி என்று ஒரு பெண், மலையில் காணாமல்போன தன் அண்ணனைத் தேடிப் போகிறாள். போகப் போகக் கண் மங்குகிறது. வழியில் வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதைக் காதால் கேட்டு எந்தப் பக்கம் போவதென்று ஆடுகிறவன் முடிவு செய்ய வேண்டும். மலையெல்லாம் நம்ம போடி மலை. அதைப் படம் பிடிக்கவும் சத்தம் பிடிக்கவும் ஹுஸ்னா ஊருக்கு வந்திருந்தாள். அதற்குத் தவசி ஜீப்பைத்தான் அமர்த்தினார்கள்.

முதல் நாள் ஏறிப்போய் இறங்கியதும் ஹுஸ்னா ஓடிவந்து மகாராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மகாராணிக்கா, எங்க குடோன்ல அம்புட்டு நாள் இருந்தீங்க, இந்தக் கொரலை எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க? கண்ணு மங்குற ஒருத்தருக்குப் பக்கத்துல இப்படி ஒரு கொரல் இருந்தா எப்படி இருக்கும்! செல்லி ஜீப்பு ஓட்டுற மாதிரி ஒரு கட்டம் சேக்கப் போறேன். நீங்கதான் பேசணும்."

 இந்தப் பிள்ளை தெரிந்து பேசுகிறதா தெரியாமல் பேசுகிறதா என்று மகாராணி அவள் முகத்தையே பார்த்தாள். தெரியாமல்தான். "எனக்கு அதெல்லாம் வராது தாயி" என்று நழுவினாள். தவசி விடவில்லை. நம்ம ரோட்டை உலகமே பார்க்கப் போகிறது என்பதில் அவனுக்குப் பெருமை. "பேசிட்டுப் போயேன், ஒனக்குப் பேசச் சொல்லியா குடுக்கணும்?" என்றான்.

குடோனில் ஒரு மூலையில் சத்தம் வராமல் கம்பளி தொங்கவிட்டு, மைக்கை வைத்துப் பேசச் சொன்னார்கள். கண்ணை மூடினாள். மலை தானாக வந்தது. முந்தலிலிருந்து மெட்டு வரைக்கும் ஒரே மூச்சில் பேசினாள், திட்டினாள், ஆட்டை விரட்டினாள். ஹுஸ்னாவுக்குச் சந்தோசம் தாளவில்லை. பிறகு ஒன்று கேட்டாள். "அக்கா, ரெண்டு மூணு வளைவுல மட்டும் மாத்திச் சொல்லுங்க. இடதுன்னா வலதுன்னு. ஆடுறவங்களுக்கு இந்தக் கொரலை நம்பலாமா வேணாமான்னு சந்தேகம் வரணும். அப்பத்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்."

"அது மட்டும் முடியாது தாயி."

"வெளையாட்டுதானேக்கா."

"வளைவுல பொய் சொல்ல எனக்கு வாய் வராது. வேற ஆளப் பாரு" என்று எழுந்துவிட்டாள். ஹுஸ்னா சமாதானம் செய்து உட்காரவைத்தாள். குரல் உள்ளபடியே போயிற்று.

சில மாசம் கழித்து ஹுஸ்னா ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்தாள். ஜீப்புப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மலைவேலை இல்லை. குடோன் முற்றத்தில் டீயும் வடையும் கொடுத்தார்கள். பெட்டியை மாட்டுகிறவர் உள்ளே என்ன பார்க்கிறாரோ அது சுவரில் மாட்டிய டிவியில் எல்லோருக்கும் தெரிந்தது. கையில் பிடிக்க ஒரு ஸ்டீரிங்கும் இருந்தது. வளைவுக்கு வளைவு ஓரங்கள் கறுத்துக்கொண்டே வரும், கடைசி வளைவில் நடுவில் வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அதற்குள் மெட்டு ஏறிவிட வேண்டும்.

இளசுகள் ரெண்டாவது வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தார்கள். குருவம்மாள் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரத்தில், "ஐயையோ பக்கமெல்லாம் இருட்டுதே, ஆத்தா என் கண்ணு போச்சே!" என்று கத்திப் பெட்டியைப் பிடுங்கி எறியப் பார்த்தாள். முற்றம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓரம் இருட்டியதும் யாரானாலும் தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தவித்தார்கள். மகாராணியின் குரல் பாட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது, பயத்தில் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

"தவசியண்ணே, நீங்க வாங்க. மானத்தைக் காப்பாத்துங்க" என்று கூப்பிட்டாள் ஹுஸ்னா.

மகாராணி குறுக்கே வந்தாள். "வேணாம் தாயி, அவருக்குத் தல சுத்தும். காலையில சாப்பிடக்கூட இல்ல."

"பாரேன், ஒரு பொட்டியக்கூட அந்த மனுசனப் பாக்க விட மாட்டேங்குறா!" என்றாள் குருவம்மாள்.

அந்தப் பேச்சு தவசிக்கு உறைத்துவிட்டது. மகாராணி கையைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

ஓட்டினான் பாருங்கள்! தலை ஆடவில்லை, கை பதறவில்லை. பெட்டிக்குள்ளிருந்து மகாராணி ஆடு என்றால் ஒதுங்கினான், லாரி என்றால் ஓரங்கட்டினான். டிவியில் ஓரங்கள் கறுத்து, வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு தட்டளவு ஆகி, கடைசியில் ஒரு ரூபாய்க் காசளவு ஆயிற்று. ஜீப்பு அலுங்காமல் போடிமெட்டில் போய் நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். ஹுஸ்னா குதித்தாள்.

"யாருமே ஏறலண்ணே, நீங்கதான் முதல் ஆளு! ஓரம் மங்க ஆரம்பிச்சது எந்த வளைவுல தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

தவசி பெட்டியைக் கழற்றினான். முகமெல்லாம் பூரிப்பு. "எங்க தாயி மங்குச்சு? கடைசி வரைக்கும் நல்லாத்தேன் இருந்துச்சு. நம்ம ரோடு அப்படியே அச்சா வந்திருக்கு. நான் தெனமும் பாக்குற மாதிரியே இருக்கு."

முதலில் சிரித்தார்கள். கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தார்கள். ஹுஸ்னாவின் சிரிப்பு முதலில் நின்றது. தாய்மாமாவைப் பார்த்தவள் அல்லவா. மெதுவாக அவன் காது ஓரமாக ரெண்டு கையையும் கொண்டுபோய் விரல்களை ஆட்டினாள். "அண்ணே, இது எத்தனை விரல்?"

"எது?" என்றான் தவசி, நேராகப் பார்த்துக்கொண்டு.

 எவ்வளவு பூட்டி வைத்தாலும் நுணலும் தன் வாயால் கெடும். பேசாத மனுசன் வாயைத் திறந்து பெருமையடித்தது அந்த ஒரு நாள்தான், அதிலேயே மாட்டிக்கொண்டான்.

குருவம்மாள் டீ கிளாசைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசமா எங்களைக் குருட்டு வண்டியிலயா ஏத்திட்டுப் போனே?"

 எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தவசி தேடித் தேடிப் பார்த்தான். மகாராணி அவனுக்கு நேர் எதிரேதான் நின்றாள், அவனுக்குத் தெரிகிற இடத்தில். அவன் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள். நான்தான் கட்டாயப்படுத்தினேன், அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை. அது போதும் அவளுக்கு, மற்றதைத் தாங்கிக்கொள்வாள்.

"நான் என்ன செய்ய?" என்றான் தவசி. "அன்னைக்கே விட்டுர்றேன்னுதான் சொன்னேன். நான் கண்ணா இருந்து சொல்றேன், நீ ஓட்டுய்யான்னு இவதான் ஒத்தக் கால்ல நின்னா."

மலை முழுக்கப் பேசுகிறவளுக்கு அப்போது ஒரு சொல் எழவில்லை. உள்ளங்கையில் பழைய தழும்பு இருந்த இடத்தை மற்றக் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் பேசாமல் நின்றதே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

குருவம்மாள் அவள் அருகில் வந்தாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. "அவனுக்குக் கண்ணு இல்ல. சரி. ஒனக்கு இருந்துச்சுல்ல? தெனமும் திரும்பித் திரும்பி எங்க மூஞ்சியப் பாத்தியேடி. எம்மருமக வயித்துப் புள்ளையோட பின்னால குறுகி உக்காந்திருந்தாளே, அவளையும் பாத்துட்டுத்தான வாயத் தொறந்த?"

 

ஜீப்பு கைமாறிப் போயிற்று. ஆனால் பாருங்கள், குருடன் என்று ஒருத்தர் சொன்னால் உயிரோடு இருக்க மாட்டேன் என்ற தவசியை ஊர் அப்படிச் சொல்லவே இல்லை. பாவம் என்றது. ஸ்டாண்டில் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்ட மனுசன் என்று தோளைத் தட்டினார்கள். அவன் பெட்டியை மாட்டிக்கொண்டு மலை ஏறிய வீடியோவை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். கண் தெரியாமலேயே மலையை அளந்தவன் என்று அது ஊர் ஊராகச் சுற்றியது. தவசிக்கு அது பிடித்திருந்தது.

மகாராணிக்கு எந்த ஜீப்பிலும் சீட்டு கிடைக்கவில்லை. முன்சீட்டு இல்லை, பின்சீட்டும் இல்லை. பழைய குடோனுக்குப் போய் நின்றாள். கலீபுல்லா பாய் நல்ல மனுசர், தலையைச் சொறிந்தார். "எனக்கொண்ணுமில்லம்மா. ஆனா இங்க உக்காந்திருக்கிற பொம்பளைகள்ல பாதிப்பேரு வீட்டாளுக அந்த ஜீப்புல போனவுக. ஒன்னைப் பக்கத்துல உக்கார வைக்க மாட்டேங்குறாக." திருப்பூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். அம்மா நடந்ததைச் சொல்ல வாயெடுக்குமுன் அழுதாள். "ஏம்மா இப்படிப் பண்ணுன? அப்பாவுக்கு எதாச்சும் ஆயிருந்தா?" என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி முழுக்க ஓரிடத்தில் இறங்கியது, பாவத்திலும் பாதி அவளுடையதாக இருந்ததால் அவளால் கோபப்படக்கூட முழுசாக முடியவில்லை.

வீட்டில் தவசி அவள் வாயைத் திறந்தாலே எரிந்து விழுந்தான். "அங்கன படி இருக்கு" என்றால், "எனக்குத் தெரியும், நீ பொத்து" என்பான். அவள் குரல்தான் அவனுக்குக் கேட்கவே ஆகவில்லை.

ஆட்டம் வெளிவந்தது. வெளிநாட்டில் ஏதோ பரிசும் வாங்கியது. எல்லோரும் அதில் பேசியது அந்த முன்சீட்டுக் குரலைப் பற்றித்தான். திட்டிக்கொண்டே வழி சொல்கிற அக்கா என்று பெங்களூரில் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டினார்களாம். ஹுஸ்னா போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தாள். மேடையில் தவசிக்கு மாலை போட்டு, அவன் பிரியப்பட்டானென்று ஒரு பெட்டியையே பரிசாகக் கொடுத்தார்கள். அவன் மைக்கில் அடக்கமாக நாலு வார்த்தை பேசினான். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

பிறகு மகாராணியைக் கூப்பிட்டார்கள். போகிறபோதே அவள் முடிவு செய்திருந்தாள். கூட்டத்தில் ஜீப்புப் பெண்கள் இருந்தார்கள், குருவம்மாள் இருந்தாள், ஸ்டாண்டு ஆட்கள் இருந்தார்கள். இவ்வளவு பேர் ஒரே இடத்தில் அவள் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருப்பது இனி வாய்க்காது. மைக்கைப் பிடித்தாள்.

"இந்தாய்யா," என்று ஆரம்பித்தாள் தவசியைப் பார்த்து.

மண்டபம் ஆரவாரித்தது. ஆட்டத்தில் வருகிற முதல் வார்த்தை அது.

"டாக்டரு சொன்ன அன்னைக்கே வண்டிய விட்டுருன்னு ஒங்கால்ல விழுந்தேனா இல்லையா? மருந்தக் குடிச்சுருவேன்னு மெரட்டுனது யாரு? கருப்பசாமி முன்னால சூடத்த அணைக்கச் சொல்லி என் வாயக் கட்டுனது யாரு? சொல்லுய்யா இம்புட்டுப் பேரு முன்னாலயும்!"

சிரித்தார்கள். முன்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அதே குரல், அதே ஏற்ற இறக்கம். நேரில் கேட்க இன்னும் நன்றாக இருந்தது அவர்களுக்கு.

"சிரிக்காதீக! நான் நெசத்தச் சொல்றேன்!" என்று கத்தினாள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஹுஸ்னாவும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே வந்து அவளைக் கட்டிப்பிடித்துச் சால்வை போர்த்தினாள். மைக் வேறு கைக்குப் போய்விட்டது.

சிரிக்காதவள் ஒருத்திதான். மண்டப வாசலில் குருவம்மாள் நின்றிருந்தாள். மகாராணி வெளியே வந்ததும், "நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்டி" என்றாள்.

மகாராணி அவள் கையைப் பிடிக்கப் போனாள். "மதினி..."

"நெசமாவே இருக்கட்டும். அவன் சத்தியம் வாங்குனான், நீ அணைச்ச. எங்களையும் ஏத்திட்டுப் போன. அதுல என்ன மாறிப்போச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்சுக்குப் போனாள்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது தவசி சந்தோசமாக இருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனாகவே பேச்சுக் கொடுத்தான். "நீ பேசுனது ஜோரா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாக."

மகாராணி வீட்டுக்கு வந்து ரெண்டு சேலையைப் பையில் வைத்தாள். "ராசிங்காபுரத்துக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்கிட்டே தோட்டவேலை பாத்துக்குவேன். இனி வர மாட்டேன்." சொல்லிவிட்டு நின்றாள். ஏன் என்று கேட்பான், கோபப்படுவான், ஒன்றுமில்லையென்றால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றாவது சொல்வான் என்று நின்றாள். கேட்டிருந்தால் பையைக் கீழே வைத்திருப்பாள், அதுதான் உண்மை.

தவசி கட்டிலில் உட்கார்ந்து பரிசாக வந்த பெட்டியைத் தடவித் தடவி மாட்டிக்கொண்டிருந்தான். "போறதுன்னா போ" என்றான். "ஒங்கொரல்தான் இதுல இருக்கே. இது நான் போதும்னா நிறுத்திக்கிடும்."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.